எண் நிற்கும் இடம்

ஒரு வீட்டின் தரைத்தள வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 1:100 அளவையில் போட்டது. வெளிச்சுவர் 230 மி.மீ., குளியலறையைப் பிரிக்கும் தடுப்புச்சுவர் 115 மி.மீ. நம் ஊர்ச் செங்கல் சுவர்களின் வழக்கமான இரண்டு கனங்கள் இவை. தாளில் முதல் சுவர் 2.3 மி.மீ. இடைவெளி விட்ட இரண்டு கோடுகள். இரண்டாவது, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கட்டுமான இடத்தில் மடித்து மடித்து நைந்துபோன பிரதியில் இந்த வித்தியாசத்தை யாரும் கோட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இரு சுவர்களும் கூடும் மூலையில் 230 என்ற எண் அரை சென்டிமீட்டர் தள்ளி, தடுப்புச்சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? எண்ணில் பிழையில்லை. கோட்டிலும் பிழையில்லை. ஆனால் வரைபடம் தவறு.

செய்தித்தாளில் ஒரு பத்தி அரை சென்டிமீட்டர் நகர்ந்து அச்சானால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பொருள் மாறாது. வரைபடத்தில் மாறும். 230 என்பது பாதிச் செய்தி. எதனுடைய 230 என்ற மீதிப் பாதியை அது நிற்கும் இடம் சொல்கிறது. கணினியில் வரையக் கற்பவர்கள் கோடு, வட்டம், ட்ரிம், ஆஃப்செட் என்று மாதக்கணக்கில் பழகுகிறார்கள். எழுத்து வைப்பதைக் கடைசி நேர வேலையாக ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கடைசி நேர வேலைக்குள் பார்வை அறிவியல் இருக்கிறது, வடிவியல் இருக்கிறது, கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்றும் இருக்கிறது.

முதலில் கண்ணிலிருந்து தொடங்குவோம்.

1923இல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஒரு கட்டுரை வெளியிட்டார். புள்ளிகளையும் கோடுகளையும் பார்க்கும்போது மனம் அவற்றை எப்படிக் குழுக்களாகச் சேர்க்கிறது என்பது அதன் பொருள். அவர் கண்ட விதிகளில் முதன்மையானது அண்மை விதி: பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றைச் சேர்ந்தவை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. யோசித்து எடுக்கும் முடிவு இல்லை இது. பார்த்த கணத்தில் தானாக நடப்பது. இன்னொரு விதி, ஒரே கோட்டில் தொடர்பவை ஒரே பொருளின் பகுதிகள் என்று தோன்றுவது. வரைபடத்தில் எழுத்து வைக்கும் மரபுகள் எல்லாம் இந்த இரண்டையும் சார்ந்தே வளர்ந்திருக்கின்றன. அளவு எண் அதன் அளவுக்கோட்டுக்கு மேலே, நடுவில், ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. வரிசையாக வரும் அளவுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. இதைத்தான் படிப்பவர் மனம் எதிர்பார்க்கிறது.

அடுத்தது கண்ணின் கூர்மை. 40 செ.மீ. தூரத்தில் பிடித்த தாளில் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அவற்றுக்கிடையே ஏறத்தாழ 0.12 மி.மீ. இடைவெளி வேண்டும். கோண அளவில் ஒரு நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் ஒரு கோட்டின் நுனிக்குக் கீழே இன்னொரு கோடு தொடங்கும்போது, இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று கேட்டால், அதே கண் பத்து நொடிக் கோணத்துக்கும் குறைவான விலகலைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அதே 40 செ.மீ. தூரத்தில் அது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. விழித்திரையின் கூம்பு செல்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட இது சிறியது. ஒரு செல்லின் அகலத்துக்குள் அடங்கும் விலகலை, பல செல்களின் தகவலை ஒன்றுசேர்த்து மூளை கணக்கிடுகிறது. ஜெரால்டு வெஸ்தைமர் 1975இல் இதற்கு மீகூர்மை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பட்டறையில் வெர்னியர் காலிப்பர் வேலை செய்வதே இந்தத் திறனை நம்பித்தான். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்பது மட்டும்தானே அதில் கேள்வி!

இத்தனை கூர்மையான கண்ணுக்கு முன்னால், பத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலை ஒவ்வொரு வரியும் ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னுமாக வைத்தால் அது உறுத்தாமல் என்ன செய்யும்? அதிலும் வரைபடம் படிப்பவரின் கண் விலகலைத் தேடப் பழகியது. கோடு ஓரிடத்தில் சற்று விலகினால், நிஜத்தில் அங்கே ஒரு படியோ பள்ளமோ இருக்கிறது என்று அர்த்தம். பொருளில்லாத விலகல்கள் நிறைந்த தாளில் பொருளுள்ள விலகல் தப்பிவிடும். எழுத்துகளை நேர்படுத்துவது அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

கையால் வரைந்த காலத்தில் இந்த ஒழுங்கு கடுமையாகவே இருந்தது. பென்சிலால் மெல்லிய வழிகாட்டிக் கோடுகள் இரண்டு போட்டு, அவற்றுக்குள் எழுத்தை அடக்கினார்கள். பிறகு ஸ்டென்சில் தகடும் மைப் பேனாவும் வந்தன. அந்தப் பேனாக்களின் தடிமன் 0.25, 0.35, 0.5, 0.7 என்று போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஐஎஸ்ஓ 3098 என்ற பன்னாட்டுத் தரம் வரைபட எழுத்தின் உயரங்களை 1.8, 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மி.மீ. என்று வகுக்கிறது. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல √2 மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.4 மடங்கு. தாள்களின் நீள அகல விகிதமும் அதே √2. ஏ1 தாள் 594க்கு 841. ஏ3 தாள் 297க்கு 420. ஏ1இல் வரைந்ததை ஏ2வுக்குச் சுருக்கினால் 5 மி.மீ. எழுத்து 3.5 ஆகும், 0.5 பேனாக் கோடு 0.35 ஆகும். சுருக்கிய பிரதியில் திருத்தம் செய்ய வேண்டுமா? கையில் இருக்கும் அடுத்த பேனாவும் அடுத்த ஸ்டென்சிலும் அச்சாகப் பொருந்தும். எழுத்து, கோடு, தாள் மூன்றும் ஒரே எண்ணால் கட்டப்பட்டிருக்கின்றன. பொறியியல் தரங்களில் இவ்வளவு நேர்த்தியாக யோசித்தது வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

இன்று கணினியில் எழுத்து உயரம் 2.73 என்று கூடக் கொடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதனாலேயே இந்த வரிசையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏ1இல் 3.5 உயரத்தில் எழுதிய தாளை ஏ3இல் பாதியாக அச்சடித்தால் 1.75 வரும். அது வரிசையின் மிகச் சிறிய படியான 1.8ஐ ஒட்டி நிற்கிறது. 2.5இல் எழுதியிருந்தால் 1.25 ஆகிவிடும், வெயிலில் நின்று படிக்கும் மேற்பார்வையாளரால் அதைப் படிக்க முடியாது.

கணினி வரைகலையின் தொடக்கத்திலேயே எழுத்து இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஐவன் சதர்லண்ட் 1963இல் எம்ஐடியில் தன் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் நிரல், டிஎக்ஸ்-2 என்ற கணினியில் ஒளிப்பேனாவால் வரைய வைத்தது. அதில் எழுத்துகள் சிறு நேர்கோட்டுத் துண்டுகளாலும் வட்டத் துண்டுகளாலும் ஆனவை. அதைவிட முக்கியமான ஒரு வசதி அதில் இருந்தது. ஒரு மாறியின் மதிப்பைக் காட்டும் இலக்கங்களைத் திரையில் எந்த இடத்திலும், எந்த அளவிலும், எந்தக் கோணத்திலும் வைக்கலாம். மதிப்பு மாறினால் இலக்கமும் மாறும். அளவு எண் என்பது கோட்டின் பக்கத்தில் தட்டச்சு செய்த வெறும் எழுத்தாக இல்லாமல், கோட்டோடு கட்டப்பட்ட ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கேயே பிறந்துவிட்டது. வரைவு மென்பொருளான ஆட்டோகேடில் வடிவத்தோடு முழுமையாகப் பிணைந்த டைமென்ஷன், அதாவது அளவுக் குறிப்பு, வருவதற்கு 2002ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுத்தின் உருவத்துக்கு வேறொருவர் வழி வகுத்தார். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஆலன் ஹெர்ஷி, 1967இல் கணினிக்கான எழுத்துருக்களின் பெரும் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு எழுத்தும் புள்ளிகளின் பட்டியல்; பேனா எங்கே இறங்க வேண்டும், எங்கே நகர வேண்டும், எங்கே எழ வேண்டும் என்ற கட்டளை. உள்ளே மை நிரப்பும் வேலை இல்லை. பேனாவை நகர்த்தி வரையும் பிளாட்டர்களுக்கு இதுவே பொருந்தியது. 1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்கள் இதே கோட்டெழுத்து மரபைச் சேர்ந்தவை. அவற்றின் எளிய வடிவத்தில் எழுத்தின் ஒரு கோட்டுத் துண்டுக்கு ஒரே ஒரு பைட் போதும். பாதி பைட்டில் நீளம், மீதிப் பாதியில் பதினாறு திசைகளில் ஒன்று. 0 என்றால் வலம், 4 என்றால் மேலே, 8 என்றால் இடம். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

இந்த எழுத்துருக்களில் உயரம் என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம். பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் 12 புள்ளி என்றால் அது எழுத்துக்கு ஒதுக்கிய கட்டத்தின் உயரம். கண்ணுக்குத் தெரியும் எழுத்து அதைவிடச் சிறியது. கேடில், அதாவது கணினி வரைவு மென்பொருளில், 2.5 என்றால் பெரிய எழுத்து தாளில் 2.5 மி.மீ. நிற்கும். இந்த வேறுபாடு அடுத்து நாம் பார்க்கப்போகும் விஷயத்தில் வந்து இடிக்கும்.

ஆணி எங்கே அடிப்பது?

கேடில் ஒரு சொல்லை வைப்பது, சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டுவது போன்றது. கணினிக்குத் தெரிந்தது ஆணியின் இடம் மட்டும். சொல் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் நீள்கிறது என்பது எழுத்துருவைப் பொறுத்து மாறும். ஒற்றைவரி டெக்ஸ்டுக்கு ஆட்டோகேட் பல ஆணி இடங்களைத் தருகிறது. மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்கள். ஒவ்வொன்றிலும் இடம், மையம், வலம். அது ஒன்பது. எழுத்துகள் உட்காரும் பேஸ்லைனில் இடம், மையம், வலம் என்று மூன்று. இவற்றுக்கு மேல் அலைன், ஃபிட், மிடில் என்று மூன்று தனி வகைகள். கற்றுக்கொள்ளும் காலத்தில் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. தானாக வருவது பேஸ்லைனின் இடது முனை. அதிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பிறகு மூவ் கட்டளையால் கண் அளவில் தள்ளித் தள்ளி நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அன்றைக்குத் திரையில் சரியாகத்தான் இருக்கும். கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போகும். அங்கே அந்த எழுத்துரு இல்லை. மென்பொருள் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். ஆட்டோகேடில் தானாக அமைந்திருக்கும் மாற்று எழுத்துரு சிம்ப்ளெக்ஸ். அதன் எழுத்துகள் வேறு அகலம். இடது ஆணியில் மாட்டிய சொல் வலப்பக்கமாக நீண்டு சுவர்க்கோட்டின் மேல் ஏறும். அட்டவணையில் வலது ஓரத்தில் நிற்க வேண்டிய எண்கள் கட்டத்தைத் தாண்டும். அதே சொல்லை அறையின் நடுவில் மைய ஆணியில் மாட்டியிருந்தால் இருபுறமும் சமமாக விரியும், பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ஆணியின் இடம் கோப்பின் உள்ளேயும் பதிவாகிறது. டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமித்த கோப்பைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு டெக்ஸ்டுக்கும் 10 என்ற எண்ணின் கீழ் ஒரு புள்ளியும், தேவைப்பட்டால் 11 என்ற எண்ணின் கீழ் இன்னொரு புள்ளியும் இருக்கும். 72, 73 என்ற எண்களின் கீழ் கிடைமட்ட, செங்குத்து ஆணி வகைகள். இவை இரண்டும் சுழியாக இருந்தால் முதல் புள்ளியே ஆணி. இல்லாவிட்டால் இரண்டாவது புள்ளிதான் ஆணி. முதல் புள்ளி, எழுத்துருவின் அகலத்தை வைத்து ஆட்டோகேட் தானே கணக்கிட்டுக்கொண்டது. கோப்பைப் படிக்கும் இன்னொரு நிரல் இதைக் கவனிக்காமல் எப்போதும் முதல் புள்ளியையே எடுத்துக்கொண்டால், அதனிடம் இருக்கும் எழுத்துருவின் அகலம் வேறாக இருக்கும்போது மையத்தில் நிற்க வேண்டிய சொற்கள் எல்லாம் விலகும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போன வரைபடத்தில் எழுத்துகள் மட்டும் ஏன் இடம் மாறின என்று குழம்புபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கலாம்.

அலைன், ஃபிட் இரண்டும் இரண்டு ஆணிகள் கேட்கும். அலைன், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சொல் அடங்கும்படி எழுத்தின் உயரத்தையே மாற்றிவிடும். ஃபிட், உயரத்தை அப்படியே வைத்து அகலத்தை நசுக்கும் அல்லது இழுக்கும். பெயரைப் பார்த்து அலைன்தான் நேர்படுத்தும் என்று எடுத்துக்கொண்டால், ஒரே தாளில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் உயரத்தில் வந்து நிற்கும். பல டெக்ஸ்டுகளை ஒரே வரிசையில் நிறுத்த டெக்ஸ்ட்அலைன் என்று தனிக் கட்டளை இருக்கிறது. எழுதி முடித்த டெக்ஸ்டின் ஆணியை மட்டும், சொல்லை அசைக்காமல் மாற்ற ஜஸ்டிஃபைடெக்ஸ்ட் இருக்கிறது. பழைய வரைபடத்தைச் சீர்செய்யும்போது இதுதான் முதலில் கைகொடுக்கும்.

கிரிட் பபுளை எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்ப்போம். தூண் வரிசைகளுக்குப் பெயர் வைக்கும் சிறு வட்டம் அது. உள்ளே ஒரு எழுத்தோ எண்ணோ நடுவில் நிற்க வேண்டும். நடு என்றால் எது? ஆட்டோகேடில் மிடில் என்ற ஆணி, எழுத்துக்குக் கீழே தொங்கும் வால்களையும் சேர்த்துக்கொண்டு மொத்த உருவத்தின் நடுவைப் பிடிக்கிறது. நடு மட்டத்தின் மைய ஆணியான எம்சி, பெரிய எழுத்தின் உயரத்தில் பாதியைப் பிடிக்கிறது. வட்டத்துக்குள் ஏ, பி, சி என்று ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும் வந்தால் இரண்டும் ஒன்றுதான். வாலுள்ள ஆங்கிலச் சிறிய எழுத்து ஒன்று வந்தால் மிடிலில் அந்த எழுத்து மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும். வரிசையாக நிற்கும் வட்டங்களில் ஒன்று மட்டும் எகிறி நிற்பதைக் கண் விடாது. அதனால் பபுளுக்கு எம்சிதான் சரி.

தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கே ஆட்டம் காண்கிறது. நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவு இல்லை. கீ, றீ என்று மேலே சுழிகிறது; கூ, ழு என்று கீழே இறங்குகிறது. ரோமன் பெரிய எழுத்தின் உயரத்தை அளவுகோலாகக் கொண்ட நிரல், தமிழ்ச் சொல்லின் நடுவைத் தன் ஊகத்தில்தான் வைக்கும். பெயர்க் கட்டத்தில் தமிழில் எழுதுபவர்கள் எல்லாச் சொல்லையும் பேஸ்லைனிலேயே மாட்டுவது நல்லது. மேலும் கீழும் என்ன நீண்டாலும், உட்காரும் கோடு ஒன்றாக இருக்கும்.

எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் இரண்டு முறைகளைப் படிக்கிறார்கள். ஒன்றில் எல்லா எண்களும் நிமிர்ந்தே நிற்கும். தாளின் அடிப்பக்கத்திலிருந்து படித்தால் போதும். மற்றதில் எண் தன் அளவுக்கோட்டோடு சேர்ந்து சாயும். அடிப்பக்கத்திலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ படிக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து படிக்கும்படி எதுவும் நிற்கக் கூடாது. இந்த விதி ஏன் கடுமையாகச் சொல்லப்படுகிறது என்பதை, 6, 9, 8, 0 ஆகிய நான்கு இலக்கங்களை வைத்துக்கொண்டு நீங்களே சோதிக்கலாம். 690ஐத் தலைகீழாகப் பார்த்தால் 069. 900ஐத் திருப்பினால் 006. முன்னால் நிற்கும் சுழியே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 89ஐத் திருப்பினால் 68, 66ஐத் திருப்பினால் 99. இவை இரண்டும் எந்த வரைபடத்திலும் வரக்கூடிய நல்ல அளவுகள், சந்தேகமே எழாது.

கணினிக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது எளிது போலத் தெரியும். கோட்டின் கோணத்தைக் கணக்கிடு. அது 90 பாகையைத் தாண்டி 270க்குள் இருந்தால் 180ஐக் கூட்டித் திருப்பு. கோட்டைக் கீழிருந்து மேலே வரைந்தால் 90, மேலிருந்து கீழே வரைந்தால் 270. திருப்பியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். நிலத்தின் எல்லைக் கோடுகளில்தான் சிக்கல். மனையின் ஒரு பக்க எல்லை 89 பாகை 50 நிமிடம், அடுத்த மனையின் எல்லை 90 பாகை 10 நிமிடம். கண்ணுக்கு இரண்டும் செங்குத்து. முதலாவதின் நீளம் வலப்பக்கத்திலிருந்து படிக்கும்படி நிற்கும். இரண்டாவது 90ஐத் தாண்டிவிட்டதால் திரும்பி, இடப்பக்கத்திலிருந்து படிக்கும்படி நிற்கும். பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றுக்கொன்று தலைகீழ்! தசம இலக்கங்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் கணக்குத் துணுக்கு கூட இதைச் செய்துவிடும். திரையில் 90.00 என்று காட்டும் கோணம், உள்ளே 90.0000000002 ஆக இருக்கலாம்.

இதற்குத் தீர்வு எளிமையானது, அழகானது. திரும்பும் எல்லையை 90இல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்துவிடுவது. சாலை, நிலம் சார்ந்த வரைவுக்கான சிவில் 3டி மென்பொருளில் இந்த எல்லை தானாக 110 பாகையில் அமைந்திருக்கும். 91, 95 பாகைக் கோடுகளின் எண்களும் 89இன் எண்ணோடு ஒரே பக்கம் பார்த்து நிற்கும். விதியைச் சற்று மீறுவதுதான். ஆனால் செங்குத்துக்கு அருகே கோடுகள் குவிந்திருக்கும் அளவுக்கு 110க்கு அருகே குவிவதில்லை. எல்லையைக் கூட்டம் இல்லாத இடத்துக்கு நகர்த்திய யுக்தி இது.

அளவை மாறும்போது வரும் தொல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேடில் வீட்டை நிஜ அளவில் வரைகிறோம். 1:100இல் அச்சடிக்கும்போது எழுத்து 2.5 மி.மீ. வர வேண்டுமானால், உள்ளே அதை 250 மி.மீ. உயரத்தில் எழுத வேண்டும். அதே பகுதியை 1:50இல் பெரிதாக்கிக் காட்டினால் எழுத்து 5 மி.மீ. ஆகி இடிக்கும். அதனால் இரண்டு லேயர்களில் இரண்டு முறை எழுதினார்கள். திருத்தம் வந்தபோது ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தார்கள். ஆட்டோகேட் 2008இல் வந்த அனோட்டேட்டிவ் வசதி இதற்கு முடிவு கட்டியது. எழுத்து ஒன்றுதான், ஒவ்வோர் அளவைக்கும் அதன் உயரம் தானாக மாறும், இடத்தையும் தனித்தனியாக நகர்த்தி வைக்கலாம். ஒரே எழுத்தை இன்னும் இரண்டு லேயர்களில் நகல் எடுத்து வைக்கும் அலுவலகங்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

குறுக்கே வெட்டாத கோடுகள்

இனி லீடர். எந்திரப் பாகம் ஒன்றின் உள்ளே பல புள்ளிகள். ஒவ்வொன்றையும் பற்றிய குறிப்பு வலது ஓரத்தில் வரிசையாக நிற்கிறது. புள்ளியையும் குறிப்பையும் இணைக்கும் கோடுதான் லீடர். அதன் நுனிக்கும் இலக்கணம் உண்டு. பொருளின் உட்பரப்பைச் சுட்டினால் நுனியில் புள்ளி, விளிம்புக் கோட்டைச் சுட்டினால் அம்பு, அளவுக்கோட்டைச் சுட்டினால் எதுவும் இல்லை. லீடர்கள் ஒன்றையொன்று வெட்டினால் படிப்பவர் எந்தக் கோட்டைத் தொடர்வது என்று தடுமாறுவார். கேள்வி இதுதான்: புள்ளிகள் எப்படிச் சிதறிக் கிடந்தாலும், ஒரு லீடர்கூட வெட்டாமல் குறிப்புகளை ஓரத்தில் அடுக்க முடியுமா?

முடியும். அதற்கான நிரூபணம் பள்ளி வடிவியலில் அடங்கும். இரண்டு புள்ளிகள் க, ங. ஓரத்தில் இரண்டு இடங்கள் ச, ஞ. க–ச கோடும் ங–ஞ கோடும் ட என்ற புள்ளியில் வெட்டுகின்றன என்று வைப்போம். இப்போது குறிப்புகளை இடம் மாற்றுங்கள்: கவை ஞவோடும், ஙவைச் சவோடும் இணையுங்கள். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூட்டல் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரியது. க–ட–ஞ முக்கோணத்தில் க–ஞ நேர்க்கோடு, கவிலிருந்து ட வழியாக ஞவுக்குப் போவதைவிடக் குறைவு. ங–ட–ச முக்கோணத்திலும் அப்படியே. ஆகவே இடம் மாற்றிய பிறகு இரண்டு கோடுகளின் மொத்த நீளம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எங்கே வெட்டு வந்தாலும் இப்படி மாற்றலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் எல்லா லீடர்களின் மொத்த நீளம் குறையும். குறிப்புகளை அடுக்கும் வகைகள் எண்ணி முடிக்கக்கூடியவை. நீளம் குறைந்துகொண்டே போவதால் ஒரே அடுக்கு திரும்ப வராது. எனவே ஓரிடத்தில் இது நின்றே ஆக வேண்டும். நின்ற இடத்தில் வெட்டே இருக்காது. மொத்த நீளம் மிகக் குறைவான அடுக்கு தேடினால், வெட்டாமை தானாகக் கிடைத்துவிடுகிறது. மை மிச்சப்படுத்துவதும் தெளிவாகச் சொல்வதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

லீடர் குறிப்புகளை ஒரே வரிசையில் நிறுத்தும் கட்டளை ஆட்டோகேடில் இருக்கிறது. எந்தக் குறிப்பு மேலே, எது கீழே என்ற யோசனையை வரைபவர் செய்ய வேண்டும். வெட்டைக் கண்டால் அந்த இரண்டு குறிப்புகளை இடம் மாற்றுங்கள் என்ற ஒரே விதி போதும்.

ஓரத்தில் அடுக்காமல், ஒவ்வொரு பெயரையும் அதன் புள்ளியை ஒட்டியே வைக்க வேண்டும் என்றால் கதை முற்றிலும் மாறுகிறது. நிலப்படத்தில் ஊர்ப் பெயர்கள், மனைப்பிரிவு வரைபடத்தில் மனை எண்கள், குழாய் வரைபடத்தில் வால்வு எண்கள் எல்லாம் இந்த வகை. சுவிட்சர்லாந்தின் நிலப்பட வல்லுநர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962இல் பெயர்களை வைக்கும் விதிகளை விரிவாக எழுதினார். மனிதக் கை பல ஆண்டுப் பழக்கத்தில் செய்வதை விதியாக்கிய எழுத்து அது. அதைக் கணினியிடம் கொடுத்தபோதுதான் ஆழம் தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் புள்ளியைச் சுற்றி நான்கு இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். 30 பெயர்களுக்கு மொத்த வகைகள் 4ஐ 30 முறை பெருக்கி வருவது: சுமார் 11,500 கோடி கோடி. ஒரு வினாடிக்கு 100 கோடி வகைகளைச் சோதித்தாலும் 36 ஆண்டுகள் ஆகும். 1991இல் ஃபோர்மன், வாக்னர் என்ற ஆய்வாளர்கள், எல்லாப் பெயரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வைக்க முடியுமா என்ற இந்தக் கேள்வி என்பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். எல்லா நிலையிலும் விரைவாக விடை தரும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத கணக்கு வகை அது. வியப்பு என்னவென்றால், நான்கு இடங்களை இரண்டாகக் குறைத்துவிட்டால் அதே கேள்விக்குக் கணினி நொடியில் விடை சொல்லிவிடும். தேர்வு இரண்டிலிருந்து நான்காக உயரும்போது கணக்கின் இயல்பே மாறிவிடுகிறது.

மென்பொருள்கள் இன்று செய்வது, ஏதோ ஓர் அமைப்பில் தொடங்கி, சிறுசிறு மாற்றங்களால் மோதலைக் குறைத்துக்கொண்டே போவது. ஓரளவு நல்ல விடை கிடைக்கும். எந்த எண்ணை மறைத்தால் பரவாயில்லை, எதை மறைக்கவே கூடாது என்பது நிரலுக்குத் தெரியாது. மேசைக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரமும், பீம் கம்பியின் இடைவெளியும் அதற்கு ஒரே மாதிரி எண்கள்தான். அதனால் தானியங்கியாக வைத்த எழுத்துகளை மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும். டைமென்ஷன் எண்ணை மட்டும் கையால் அழித்து வேறு எண் தட்டச்சு செய்வதை எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. அந்த நொடியில் அது கோட்டோடு இருந்த பிணைப்பை இழந்துவிடுகிறது. பிறகு சுவர் நகர்ந்தாலும் எண் நகராது.

கேட் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைந்து முடித்ததும் திரையை நம்பாமல், கட்டுமான இடத்துக்கோ பட்டறைக்கோ போகும் அதே தாள் அளவில் ஒரு பிரதி அச்சடியுங்கள். அதை வரையாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணும் எந்தக் கோட்டுக்கு உரியது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்த எண்ணை நகர்த்திவிட்டு, அதன் பிறகு தாளை வெளியே அனுப்புங்கள்.